பேழைக்குள் இராட்டை

ஒரு தொழில் அழியும்போது தொழிலாளி மட்டும் அழிவதில்லை. அத்தொழிலோடு பிறந்து, அத்தொழிலோடு வளர்ந்த சொற்களும் மெல்ல மெல்ல உயிர்விடுகின்றன. உயிர்விட்ட சொல் அகராதியில் கிடக்கும்; பாடநூலில் அடிக்குறிப்பாக நிற்கும்; தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வந்து போகும். மாணவனுடைய நாவில் மட்டும் வாராது. தமிழ்மொழி வாழ வேண்டும் என்று மேடைதோறும் முழங்குவோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பதில்லை.

நூற்றல் என்னும் தொழிலுக்கு நேர்ந்தது இதுவே. காந்தியடிகள் பிறந்தநாள் விழாவிலும், மரபுடைமைக் கண்காட்சியிலும் இராட்டை ஒன்று மேடையேறுகிறது. சிறப்பு விருந்தினர் அதன் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். படம் எடுக்கப்படுகிறது. பஞ்சு இல்லை, இழை இல்லை, நூல் இல்லை. விழா முடிந்ததும் இராட்டை கண்ணாடிப் பேழைக்குள் திரும்புகிறது. சக்கரம் சுற்றியது, ஆயின் ஒருவரும் நூற்கவில்லை. இதனை மரபு போற்றல் என்று கூறுவது மரபுக்கும் அழகன்று, போற்றலுக்கும் அழகன்று.

நூற்பு என்பது பார்க்கத் தக்க பழம்பொருள் அன்று; செய்யத் தக்க கல்வி. அக்கல்வியைத் தமிழ் வகுப்பிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, அதன் சொற்களை மட்டும் கற்பிக்க முயல்வது, உப்பின் சுவையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை ஒக்கும்.

நூலும் நூலும்

தமிழில் புத்தகத்திற்கும் நூல் என்றே பெயர். துணிக்கு முதலாகிய இழைக்கும் நூல் என்றே பெயர். இஃது ஒலி ஒற்றுமையால் நேர்ந்த தற்செயல் அன்று என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் இவ்விரண்டையும் பொருத்திக் காட்டுகிறார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் மதியே அவள் கதிர். இவ்வாறு ஒவ்வோர் உறுப்பையும் ஒப்பிட்டு, நூல் முடியும் முறையை அவர் விளக்குகிறார். அடுத்து, மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் காட்டித் தீர்ப்பதுபோல, மனத்தின் கோணலை அறிவு நூல் தீர்க்கும் என்று மற்றோர் ஒப்புமையும் கூறுகிறார்.

இப்பகுதியைப் பயிலும் இற்றை நாள் மாணவனிடம் ஒரு வினா கேட்டுப் பார்க்கலாம். கதிர் என்பது யாது? ஞாயிற்றின் ஒளி என்பான், நெற்கதிர் என்பான். இராட்டையில் சுழன்று பஞ்சை முறுக்கி நூலாக்கும் கூரிய கம்பிக்கும் கதிர் என்று பெயர் என்பதை அவன் அறியான். மதிக்கு ஏன் கதிர் உவமை ஆயிற்று என்பது அவனுக்கு விளங்காது. கதிர் ஒரு கணம் நின்றாலும் முறுக்கு நிற்கும்; முறுக்கு நின்றால் இழை அறும். கதிர் அளவுக்கு மிஞ்சி விரைந்தாலோ இழை முறுகிச் சுருண்டு சிக்காகும். மதியும் அத்தகையதே என்பதுதான் பவணந்தியார் உள்ளக் கருத்து. இதனை உரையாசிரியர் எத்துணைப் பக்கம் எழுதி விளக்கினும், ஒருமுறை தக்கிளி சுழற்றிப் பார்த்த விரலுக்குத் தெரிவதுபோல் தெரியாது.

பனுவல் என்னும் சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம். பஞ்சு, நூல், செய்யுள் என்று அதற்குப் பொருள் விரிகிறது. பன்னல் என்பது பருத்தியையும் குறிக்கும். பன்னுதல் என்பது பஞ்சை விரலால் பிரித்து நொய்தாக்குதலையும் குறிக்கும், சொல்லுதலையும் குறிக்கும். பஞ்சிலுள்ள தூசும் முடிச்சும் நீங்கப் பிரித்துப் பிரித்து எடுக்கும் செயலும், சொல்லைத் திரும்பத் திரும்ப ஆய்ந்து கூறும் செயலும் ஒன்றெனக் கண்ட மக்களின் மொழி இது.

இழைத்தல், புரி, முறுக்கு, சிக்கல், பாவு, ஊடை என்பனவெல்லாம் அம்மக்கள் கையிலிருந்து வாய்க்கு வந்த சொற்கள். இன்று வாழ்வில் சிக்கல் என்கின்றனர். அரசியல் சிக்கல் என்கின்றனர். சிக்குண்ட நூலை ஒரு நாழிகை அமர்ந்து பிரித்தறியாதவனுக்கு அச்சொல் வெறும் ஒலியே. சிக்கலை இழுத்தால் அது இறுகும். பொறுமையாகத் தளர்த்தினால்தான் அவிழும் என்னும் அறிவும் அச்சொல்லோடு வந்தது. அவ்வறிவு போய்ச் சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை’ என்னும் பழமொழியைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கிறது. நூல் நொய்தானால் சேலை எவ்வாறு நொய்தாகும் என்று காட்ட வகுப்பறையில் ஒரு முழ நூலும் இல்லை.

நூற்றவள் எங்கே?

சங்க இலக்கியம் நூற்ற பெண்ணை மறக்கவில்லை. கொழுத்த ஊன் துண்டின் மென்மைக்குப் பருத்திப் பெண்டின் பனுவலைப் புறநானூற்றுப் பாட்டொன்று உவமை காட்டுகிறது. அந்நூலிலேயே மற்றொரு பாட்டு, காட்டுப் பூனைக்கு அஞ்சிய இளம் பெட்டைக்கோழி நள்ளிரவில் அலறியதையும், பஞ்சின் தூசும் செற்றையும் புடைப்பதற்கென எழுந்த பருத்திப் பெண்டின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அஃது அமைதியுற்றதையும் கூறுகிறது. நற்றிணையிலோ, ஆடவர் துணையற்ற மகளிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பனுவல், மலையில் தவழும் மேகத்திற்கு உவமையாகிறது.

இம்மூன்று பாட்டையும் சேர்த்துப் பார்ப்பவர்க்கு ஒரு வாழ்க்கை தெரியும். நள்ளிரவில் எழுந்து பஞ்சு புடைத்தவள். துணையின்றித் தன் கையை நம்பி வாழ்ந்தவள். சிறு விளக்கொன்றே செல்வமாக உடையவள். அவளுடைய பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. பாம்பின் சட்டை போன்ற மெல்லிய துணியைப் பொருநராற்றுப்படை புகழ்கிறது. பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும் நெய்யும் காருகர் இருக்கையைச் சிலப்பதிகாரம் புகாரில் காட்டுகிறது. உடுத்தவனுக்குப் புகழ்; நெய்தவனுக்குத் தெரு; நூற்றவளுக்கு ஓர் உவமை மட்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகளிலிருந்து இயந்திர நூல் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, முதலில் வீழ்ந்தவளும் அவளே. கைத்தறி நெசவாளர் பெருந்துன்பத்திற்கு உள்ளாயினர். ஆயினும் ஆலை நூலை வாங்கி நெய்து தறியைக் காத்துக்கொண்டனர். கையால் நூற்றவளுக்கோ அவ்வழியும் இல்லை. அவள் செய்த பொருளையே இயந்திரம் செய்தது. தறியின் ஓசை ஓயவில்லை. கதிரின் சுழற்சி ஓய்ந்தது. கைத்தறியைப் பற்றி இன்றும் தமிழில் பேசுவோர் உளர். கைநூற்பைப் பற்றிப் பேசுவோர் அரியர். இதற்கு வேர் அந்த நூற்றாண்டிலேயே இருக்கிறது.

நூற்போர்க்கு ஒரு சங்கம்

நூற்போர் பெயரால் நாடு தழுவிய சங்கம் ஒன்று 1925 ஆம் ஆண்டு செப்டம்பரில் பாட்னாவில் தோன்றியது. அதுவே காந்தியடிகளைத் தலைவராகக் கொண்ட அகில இந்திய நூற்போர் சங்கம். அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. இன்று பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர், அன்று கதருக்குப் பெயர்பெற்றிருந்தது. அவ்வாண்டிலேயே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராசாசி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அதனைத் திறந்துவைத்தவர் ஈ.வெ.இராமசாமிப் பெரியார். பின்னாளில் எதிரெதிர் முனையில் நின்ற இவ்விருவரும் ஒரு காலத்தில் இராட்டையின் இருபுறமும் நின்றனர். கதர்த் துணியைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றவர் பெரியார். கதர் ஒரு கட்சியின் சொத்து என்று எண்ணி முகம் சுளிப்போர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அச்சங்கத்தின் விதிகளில் ஒன்று இன்றும் எண்ணி எண்ணி வியக்கத் தக்கது. உறுப்பினர் சந்தாவைப் பணமாகச் செலுத்தவில்லை, நூலாகச் செலுத்தினர். முதல் வகுப்பு உறுப்பினர் தாமே நூற்ற நூலைத் திங்கள்தோறும் 1,000 கெசம் அளித்தல் வேண்டும். பணம் படைத்தவர் ஒரு தாளை நீட்டி உறுப்பினராக இயலாது. உட்கார்ந்து நூற்றே ஆதல் வேண்டும். நூற்றதைச் சிட்டமாகச் சுற்றி அளந்து கொடுத்தல் வேண்டும். அளவும் தரமும் ஆராயப்பட்டன.

இதனோடு இற்றை நாள் சங்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை சுடும். தமிழ்ச் சங்கத்தில் உறுப்பினராக ஒரு பக்கம் தமிழ் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. சந்தாத் தொகையும் கையொப்பமும் போதும். உழைப்பைச் சந்தாவாகக் கேட்ட அமைப்பில், வந்தவர் தொழிலைக் கற்றனர். பணத்தை மட்டும் கேட்கும் அமைப்பில், வந்தவர் நாற்காலியைக் கற்கின்றனர்.

சங்கத்தின் வரலாற்றில் மற்றோர் ஏடும் உண்டு. கதர் மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக நூற்கும் பெண்களுக்குக் கொடுத்த கூலி மிகக் குறைவாக இருந்தது. 1935 இல் காந்தியடிகள் இதனை எதிர்த்துச் சங்கத்தையே உலுக்கினார். எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணாக் கிடைத்தல் வேண்டும் என்பது அவர் விழைவு. விலை ஏறினால் விற்பனை குறையும் என்று தொண்டர்கள் அஞ்சினர். நூற்பவள் வயிற்றில் அடித்து விற்கும் துணி கதர் ஆகாது என்பது அவர் வாதம். எட்டணா என்னும் அளவை எட்ட இயலவில்லை. ஆயினும் கூலி உயர்ந்தது. பருத்திப் பெண்டிரின் உழைப்புக்கு விலை என்ன என்று ஒரு நாடே ஆராய நேர்ந்தது அப்போதுதான். 1944 இல் சிறையிலிருந்து வெளிவந்த பின் அவர் இன்னும் ஒரு படி சென்றார். அறிந்து நூற்க வேண்டும். நூற்பவர் உடுத்த வேண்டும். உடுத்துபவர் நூற்க வேண்டும் என்பதே அவருடைய இறுதி வற்புறுத்தல். அறியாது சுற்றும் சக்கரத்தை அவரும் விரும்பவில்லை என்பது மேடைச் சக்கரம் சுற்றுவோர் செவியில் விழட்டும்.

கருவியைத் திருத்துவதிலும் சங்கம் சோம்பி இருக்கவில்லை. சிற்றூரில் செய்யவும் பழுதுபார்க்கவும் இயலும் மேம்பட்ட இராட்டைக்கு ஓர் இலட்சம் உரூபாய்ப் பரிசை 1929 இல் அறிவித்தது. அப்பரிசை எவரும் பெறவில்லை. ஆயினும் அத்தேடல் வீண்போகவில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் பின்னர் ஆக்கிய புதிய இராட்டை, இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இடம்பெற்று நாடெங்கும் பரவியது. அவருடைய பெயரின் சிதைவே அம்பர் சர்க்கா என்னும் வழக்கு. ஒரு தமிழருடைய பெயர் இந்தியச் சிற்றூர்தோறும் சுழன்றது. அச்செய்தி எத்தனைத் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது?

சிங்கப்பூருக்கும் பருத்திக்கும்

இஃது இந்தியாவின் கதை. சிங்கப்பூர்த் தமிழர்க்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்பர். சிங்கப்பூர்த் தமிழர் வரலாறே பருத்தித் துணியோடு தொடங்குகிறது என்பதை அவர் அறிதல் வேண்டும். 1819 இல் இராபிள்சுடன் இத்தீவுக்கு வந்த நாராயண பிள்ளை செங்கற் சூளை நடத்தினார். பருத்தித் துணி வாணிகமும் செய்தார். அவருடைய கடை 1822 இல் தீக்கு இரையாயிற்று. பின்னரும் அவர் எழுந்து நின்றார். சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் தோன்றக் காரணமானவரும் அவரே.

அதற்கும் பன்னூறு ஆண்டு முன்பிருந்தே சோழமண்டலக் கரையின் துணி மலாய்த் தீவுகளுக்கு வந்துகொண்டிருந்தது. மலாய் மக்கள் உடுத்தும் கட்டமிட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் காயின் பெலெக்காட் என்று பெயர். பெலெக்காட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் ஒரு தமிழ்ச் சிற்றூரின் பெயரை, அரபுச் சாலைத் துணிக்கடைகளில் இன்றும் மலாய் நாவு சொல்கிறது. அத்துணிக்கு நூல் நூற்றவள் பெயரை எவரும் சொல்லவில்லை.

சிராங்கூன் சாலையை அடுத்த ரேஸ் கோர்ஸ் லேனில் காந்தி நினைவு மண்டபம் நிற்கிறது. 1950 இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 இல் அது திறக்கப்பட்டது. இந்தியச் சமூகத்தார் திரட்டிய நிதியில் எழுந்த கட்டடம் அது. கேம்பல் லேனில் 2015 இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே நடந்து செல்லும் மாணவன், வழியில் எத்தனையோ துணிக்கடைகளைக் கடக்கிறான். தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் சேலையும் சல்வாரும் தொங்குகின்றன, தையற்பொறிகள் ஓடுகின்றன. துணி கண்முன்னே மலைபோல் குவிந்திருக்கிறது. அத்துணி எவ்வாறு பிறந்தது என்பது மட்டும் அவனுக்கு மறைபொருள்.

ஆயினும் நூற்புக் கலை சிங்கப்பூர்த் தமிழர் இல்லத்திலிருந்து முற்றும் அகன்றுவிடவில்லை. சிராங்கூன் சாலைப் பூசைப்பொருள் கடைகளில் பஞ்சு விற்கிறது. விளக்கேற்றும் முன் அப்பஞ்சைச் சிறிது பிரித்து, தொடைமீதோ உள்ளங்கையிலோ வைத்து உருட்டித் திரி திரிக்கும் பாட்டிமார் இன்னும் உள்ளனர். பஞ்சைப் பன்னுதல், நீட்டுதல், முறுக்குதல் ஆகிய மூன்றும் அதில் உண்டு. அதுவே நூற்பின் அரிச்சுவடி. திரித்த திரியும் கடையில் கட்டுக் கட்டாக வந்துவிட்டமையால், அவ்வரிச்சுவடியும் மறையும் நாள் தொலைவில் இல்லை. பருத்திப் பெண்டின் சிறு விளக்கு, பாட்டியின் திரியோடு அணைந்துவிடுமா என்பதே வினா.

மறுப்பும் விடையும்

இனி, மறுப்புரைகளை ஒவ்வொன்றாகக் காணல் தகும்.

இயந்திர ஊழியில் கைநூற்பு பொருளாதாரத்துக்கு ஒவ்வாது என்பர் சிலர். உண்மை. ஆலையோடு தக்கிளி போட்டியிட்டு வெல்லும் என்று இங்கு எவரும் வாதிடவில்லை. இந்தியத் தேசியக் கொடிக்குக் கதரே உரியது என்று இருந்த விதியும் 2021 டிசம்பர் 30 அன்று திருத்தப்பட்டு, இயந்திரத்தால் செய்த துணிக்கும் பாலியெஸ்டருக்கும் இடமளிக்கப்பட்டது. சந்தையில் கைநூல் தோற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆயின் கணிப்பொறி வந்தபின் கையெழுத்தைப் பள்ளியிலிருந்து விலக்கினரா? சிற்றுந்து வந்தபின் ஓட்டப் பந்தயத்தை நிறுத்தினரா? சந்தைக்கு உதவாதது கல்விக்கும் உதவாது என்பது வணிகனின் கணக்கு. ஆசிரியனின் கணக்கு அன்று.

நூற்றல் அறிவை மழுக்கும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் என்பர் சிலர். இம்மறுப்பை எழுப்பியவர் சிறியர் அல்லர். கவி தாகூரே 1925 இல் இதனை வற்புறுத்தி எழுதினார். எல்லார்க்கும் ஒரே மருந்தாக இராட்டையை விதிப்பது மனித மனத்தின் பன்மையைச் சிதைக்கும் என்பது அவர் கருத்து. அக்கருத்தில் நியாயம் உண்டு. நாள் முழுதும் நூற்க வேண்டும், எல்லாரும் நூற்க வேண்டும் என்று விதிக்கும்போது அது சிறையாகும். வாரத்தில் அரைமணி நேரம் விரும்பிச் செய்யும்போது அது பயிற்சியாகும். தாகூர் எதிர்த்தது கண்மூடிய வழிபாட்டை, கல்வியை அன்று. அவர் நிறுவிய கல்விக்கூடங்களிலும் கைத்தொழிலுக்கு இடம் இருந்தது.

மூன்றாம் மறுப்பே வலியது. பள்ளியில் கைத்தொழில் என்றவுடன் தமிழர் நெஞ்சில் ஒரு பழைய புண் வலிக்கும். 1953 இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசாசி, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும் என்று திட்டம் வகுத்தார். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நன்றே. வண்ணான் மகனைத் துறைக்கும், குயவன் மகனைச் சக்கரத்துக்கும் அனுப்பும் கல்வி, கல்வி அன்று, விலங்கு.

ஆயின் அத்திட்டத்தின் குற்றம் யாது? தொழிலைக் கற்பித்தது குற்றமா? அன்று. அவரவர் குலத் தொழிலை அவரவர்க்கே விதித்ததே குற்றம். புத்தகம் ஒரு சாராருக்கு, மண்வெட்டி ஒரு சாராருக்கு என்று பிரித்ததே குற்றம். அதற்கு மருந்து கைத்தொழிலைப் பள்ளியிலிருந்து துரத்துவது அன்று. எல்லாப் பிள்ளையின் கையிலும் ஒரே கருவியைக் கொடுப்பதே ஆகும். மருத்துவர் மகளும் கட்டுமானத் தொழிலாளி மகனும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பஞ்சைப் பன்னும்போது, குலக்கல்வி அங்கே இறக்கிறது. நூற்பு எக்குலத்துக்கும் தனியுரிமையாக இருந்த தொழில் அன்று என்பதும் எண்ணத் தக்கது. அது பெண்களின் தலையில் மட்டும் சுமத்தப்பட்டிருந்த வேலை. ஆண் பிள்ளைகளையும் அதில் அமர்த்துவதே அப்பழைய அநீதிக்குக் கழுவாய்.

நேரம் இல்லை, தேர்வு நெருக்குகிறது என்பது நான்காம் மறுப்பு. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் ஆசிரியரே. சிங்கப்பூரில் தமிழ் ஒரு பாடமாக மட்டும் கற்பிக்கப்படுகிறது. தமிழையே பயிற்று மொழியாகக் கொண்டிருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982 இல் மூடப்பட்டது. அன்றிலிருந்து கணக்கும் அறிவியலும் கைத்தொழிலும் பிள்ளைகளுக்கு வேறு மொழியிலேயே வந்துசேர்கின்றன. செயலெல்லாம் ஒரு மொழியில். செய்யுள் மட்டும் தமிழில். இந்நிலையில் தமிழைத் தேர்வுக்கு உரிய மொழியாகவும் விழாவுக்கு உரிய மொழியாகவும் பிள்ளை கருதினால், பிள்ளையைக் குறைகூற ஒண்ணாது. ஏதேனும் ஒரு செயலைத் தமிழில் செய்து, தமிழில் அளந்து, தமிழில் பிழைதிருத்தி, தமிழில் எழுதி வைக்கும் வாய்ப்பு அப்பிள்ளைக்கு வேண்டும். இழை அறுந்தது ஏன் என்று கேட்டு, முறுக்குப் போதவில்லை என்று மற்றொரு பிள்ளை விடைகூறும் அந்நொடியில், தமிழ் பாடம் அன்று, பேச்சு. அதற்கு அரைமணி நேரம் இல்லை என்பவர், தமிழ் வாழ நேரம் இல்லை என்றே கூறுகின்றனர்.

செய்யத் தக்கது

கண்டனம் மட்டும் உரைத்து ஒதுங்குவது முறை அன்று. செய்யத் தக்கதையும் கூறல் வேண்டும்.

பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்துக்குள்ளேயே நூற்போர் குழு ஒன்று அமையலாம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. தக்கிளி என்பது ஒரு சாண் நீளமுள்ள கம்பியும் அதன் கீழே ஒரு வட்டத் தகடும் மட்டுமே. மூங்கிற் குச்சியிலும் அட்டையிலும் மாணவரே அதைச் செய்து பழகலாம். வாரத்துக்கு அரைமணி நேரம் போதும். முதற் கிழமைகளில் இழை அறுந்துகொண்டேயிருக்கும். அறுந்ததை ஒட்டுவதே முதற்பாடம். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, அன்று நூற்ற அளவையும், இழை அறுந்த காரணத்தையும், கற்ற சொற்களையும் தமிழில் எழுதுதல் வேண்டும். குழுவின் சந்தா நூலாகவே இருத்தல் வேண்டும். பெற்றோர் பணம் கொடுத்து அதனை ஈடுசெய்ய இடமளித்தல் ஆகாது. ஆண்டிறுதியில் எல்லாருடைய சிட்டங்களையும் சேர்த்து ஒரு சிறு துண்டேனும் நெய்விக்கலாம். பரிசுக் கோப்பையினும் அத்துண்டு பெறுமதி உடையது.

இவையெல்லாம் முடிந்தபின்தான் நன்னூற் பாயிரத்தை வகுப்பில் திறத்தல் வேண்டும்; முன்னர் அன்று. கதிரைக் கையால் அறிந்தவன் கண்ணால் படிக்கட்டும். பருத்திப் பெண்டின் பாட்டையும் அப்போதே கற்பிக்கலாம். நள்ளிரவில் எழுந்தவள் எதற்காக எழுந்தாள் என்று ஆசிரியர் விளக்க வேண்டிய தேவை அப்போது இராது. உவமையை உரை கூறித் திறப்பது ஒரு வகை. வாழ்வால் திறப்பது மற்றொரு வகை. பின்னதைப் பெற்ற மாணவன் முன்னதை நாடான்.

காந்தி நினைவு நாளில் பேசுவோரும், ஏப்ரல் திங்களில் தமிழ்மொழி விழா நடத்துவோரும் இதனைக் கருதுதல் வேண்டும். இராட்டையை மேடையேற்றும் எண்ணம் உண்டாயின், நூற்கத் தெரிந்த ஒரு பிள்ளையை அதன் பின்னே அமர்த்துக. அப்பிள்ளை கிடைக்கும்வரை இராட்டையை மேடையேற்றாதிருக்க. நூல் வாராத இராட்டையைச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்வது, எழுத்தறியாதவன் ஏட்டைத் தலைகீழாகப் பிடித்து அமர்ந்திருப்பதற்கு நிகராகும்.

தமிழாசிரியர் கையில்தான் இதன் முடிவு இருக்கிறது. அரசாணை வேண்டா, ஆய்வுக்குழு வேண்டா, பிடி பஞ்சும் ஒரு தக்கிளியும் போதும். பன்னூறு ஆண்டுகளாக உவமையாக மட்டும் வாழ்ந்த அப்பெண்ணுக்குத் தமிழ்ச் சமூகம் பட்ட கடன் பெரிது. அவள் நூற்றதை உடுத்தனர். அவள் தொழிலைக் கொண்டு தம் புத்தகத்துக்கே பெயரிட்டனர். அக்கடனைப் பேச்சால் தீர்க்க இயலாது. ஒரு முழ நூலால் தீர்க்கத் தொடங்கலாம்.